குதிரைத்திறன் கூடுகிறதா, கூச்சல் கூடுகிறதா?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் சாமளாபுரத்தில் இரவும் பகலும் ஓயாமல் கேட்பது விசைத்தறியின் ஓசை. அது உழைப்பின் ஓசை. அந்த ஓசை அடங்கும்போது துணியாவது மிஞ்சும். அண்மைக் காலமாகத் தறியோசையையும் மீறி வேறோர் ஓசை கேட்கிறது. சைலன்சரை மாற்றிக்கொண்டு காரணம்பேட்டைக்கும் சோமனூருக்கும் பறக்கும் மோட்டார் சைக்கிள்களின் ஓசைதான் அது. அந்த ஓசை அடங்கும்போது மிஞ்சுவது என்ன? இதுவே என் கேள்வி.

"10 சதவீதம் வரை கூடுதல் திறன்", "பூட்டினால் போதும், வண்டி சிறகு முளைத்துப் பறக்கும்" என்ற விளம்பரங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். காற்று வடிகட்டி, சைலன்சர், தீப்பொறிப் பிளக், மின்னணுக் கருவி, பெட்ரோலில் கலக்கும் திரவம் எனப் பொருள்கள் பலவிதம். வாக்குறுதி மட்டும் ஒரேவிதம். நம் கல்லூரி நண்பர்கள் சிலர் விடுமுறையில் பனியன் கம்பெனிக்குப் போய் 'ஷிப்ட்' பார்த்துச் சேர்த்த கூலியை இதில் கொட்டுகிறார்கள். அந்தப் பணத்தின் அருமை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்விளம்பரங்களில் பெரும்பாலானவை சொன்ன திறனைத் தருவதில்லை. தருகின்ற சிலவும் சாலையில் நமக்குப் பயன்படும் இடத்தில் தருவதில்லை. இதற்கான காரணங்களை விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

திறன் என்பது ஒரு விநாடியில் செய்யப்படும் வேலை. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்று முதலாண்டிலேயே படித்தோம். மோட்டார் சைக்கிளின் இயந்திரத்துக்கு இத்திறன் வானத்திலிருந்து வருவதில்லை. ஒரு விநாடியில் எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ, அதற்கேற்ற பெட்ரோல் எரிகிறது. எரிவதில் ஒரு பகுதிதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே திறனைக் கூட்ட வேண்டுமானால் வழிகள் மூன்றே: அதிகக் காற்றை உள்ளே செலுத்த வேண்டும், உள்ளே போனதைத் திறம்பட எரிக்க வேண்டும், அல்லது உராய்வு போன்ற இழப்புகளைக் குறைக்க வேண்டும். விளம்பரப் பொருள் எதுவாயினும், "இம்மூன்றில் நீ எதைச் செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டால் பாதி உண்மை வெளிவந்துவிடும்.

முதலில் காற்று வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக ஓட்டும்போது திராட்டில் முழுவதும் திறந்திருப்பதில்லை. காற்றுக்குத் தடையாக நிற்பது பாதி மூடிய அந்தத் திராட்டில்தான், வடிகட்டி அன்று. வாசற்கதவு பாதி சாத்தியிருக்கும்போது தெருக்கதவை அகலமாக்கி என்ன பயன்? அடைபட்ட பழைய வடிகட்டியை மாற்றினால் மாறுதல் தெரியும். ஆனால் அதே மாறுதலைக் கம்பெனியின் புதிய வடிகட்டியும் தந்துவிடும்.

அடுத்தது சைலன்சர். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 வண்டிகளில் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது ஒரு சிறு கணிப்பொறி. அதில் எழுதப்பட்ட கணக்கு, வண்டியுடன் வந்த சைலன்சருக்காக எழுதப்பட்ட கணக்கு. சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டுக் கணக்கை மாற்றாவிட்டால், முழுத் திராட்டிலில் போதிய பெட்ரோல் கிடைக்காமல் இயந்திரம் சூடேறக்கூடும். மேல்சுற்றில் சிறிது கூடினாலும் கீழ்ச்சுற்றில் இழுவை குறைவது உண்டு. பல்லடம் கடைவீதி நெரிசலில் நமக்கு வேண்டியதோ கீழ்ச்சுற்று இழுவைதான்.

இனி உயர்ரகப் பெட்ரோல். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலை நம் நாட்டில் விற்கத் தொடங்கியது. அது தரமான பொருள்தான். ஆனால் ஆக்டேன் எண் என்பது, அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் தாக்குப்பிடிக்கும் தன்மையின் அளவே தவிர, அதிலுள்ள ஆற்றலின் அளவு அன்று. உயர்ந்த அழுத்த விகிதத்துக்கென வடிவமைத்த இயந்திரம் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த சாதாரண 100 சி.சி. வண்டிக்கு அதனால் வரும் இலாபம் எதுவுமில்லை.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. சிறிதளவேனும் பயன் தந்தவை மிகச் சிலவே என்பது அதன் முடிவு.

பின்சக்கரப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கி, "இப்போது பார், என்ன இழுவை!" என்பாரும் உண்டு. இழுவை கூடுவது உண்மை. ஆனால் கூடிய இழுவைக்கு ஈடாக உச்ச வேகம் குறைகிறது. திறன் அப்படியேதான் இருக்கிறது. புல்லியை மாற்றிவிட்டால் ஒரு எச்.பி. மோட்டார் இரண்டு எச்.பி. ஆகிவிடாது என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தறிக்காரருக்கும் தெரியும். புல்லியைப் பெரிதாக்கித் தறியை விரட்டினால் பாவு நூல் அறுபட்டு, வேகத்தில் கிடைத்ததை இழை முடிவதில் இழக்க நேரும். கூலிக்குத் தறி ஓட்டும் என் தந்தையார் எனக்குச் சொல்லித் தந்த முதல் இயந்திரவியல் பாடம் இது.

அப்படியானால் திறனைக் கூட்டவே முடியாதா? முடியும். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 என்ற வண்டி, 98 சி.சி. இயந்திரத்தில் 11 குதிரைத்திறன் தந்தது. அது 'டூ ஸ்ட்ரோக்' வகை. அவ்வகை இயந்திரத்தில் புகைக்குழாயும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு. வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயின் முனையில் மோதித் திரும்பி, வெளியே நழுவும் புதுக் கலவையை மீண்டும் உள்ளே தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இதை வளர்த்தெடுத்து, 1961 அளவில் 125 சி.சி. இயந்திரத்திலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். அந்த ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. ஆனால் காடன் எதையும் வாங்கிப் பூட்டவில்லை. அளந்தார், மாற்றினார், மீண்டும் அளந்தார். மேலும், வால்வுகளால் திறந்து மூடும் இன்றைய 'ஃபோர் ஸ்ட்ரோக்' இயந்திரத்தில் புகைக்குழாய்க்கு அத்தனை செல்வாக்கு இல்லை. அன்றைய ஆர்.எக்ஸ். 100-இன் புகழைக் காட்டி இன்றைய வண்டிக்குச் சைலன்சர் விற்பது பொருந்தாக் கணக்கு.

விளம்பர எண்கள் பிறக்கும் விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். "10 சதவீதம் வரை" என்பதில் உள்ள 'வரை' என்ற சொல்லுக்குள் பூஜ்யமும் அடங்கும். அந்தப் பத்தும் ஏதோ ஒரு குறிப்பிட்ட சுற்றில் கிடைத்த உச்சமாக இருக்கலாம். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு எடுத்து ஒப்பிட்டிருக்கலாம். காலையில் 25 பாகையாக இருக்கும் வெப்பநிலை நண்பகலில் 37 பாகை ஆனால், காற்றின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறைகிறது. இயந்திரத்தின் திறனும் ஏறக்குறைய அந்த அளவு குறையும். முதல் சோதனையை நண்பகலிலும் இரண்டாவதை மறுநாள் காலையிலும் செய்தால், ஒரு காசும் செலவழிக்காமல் 4 சதவீதத் திறனைக் 'கூட்டிவிடலாம்' அல்லவா?

"விளம்பரம் கிடக்கட்டும், ஓட்டும்போதே தெரிகிறதே" என்று நண்பர்கள் சொல்வார்கள். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ. வேகத்தை எட்ட 5 விநாடி ஆகிறது என்போம். திறன் 4 சதவீதம் கூடினால் மிச்சமாவது 0.2 விநாடி. கடிகாரப் பொத்தானை அமுக்கும் நம் விரலின் தாமதமே அவ்வளவு இருக்கும். நிறைந்த தொட்டியில் உள்ள 12 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 9 கிலோ. தொட்டி காலியாகும் தறுவாயில் வண்டி அதே அளவு சுறுசுறுப்பைத் தானாகவே காட்டும். இத்தனை நுண்ணிய வேறுபாட்டை நம் உடல் எப்படி உணரும்? உணர்வது காதுதான். ஓசை பெருகியதைக் கேட்டு, வேகம் பெருகியதாக மனம் எண்ணிக்கொள்கிறது.

எங்கள் தெரு நண்பர் ஒருவர் ஒரு பட்டறையில் 7,000 ரூபாய் கொடுத்துச் சைலன்சர் மாற்றினார். "எத்தனை குதிரைத்திறன் கூடியிருக்கிறது?" என்று நான் கேட்டபோது, "சத்தத்தைக் கேட்டாலே தெரியலீங்களா தம்பி?" என்பதே பட்டறைக்காரரின் பதிலாக இருந்தது. இரசீதும் இல்லை, அளவும் இல்லை.

உச்ச வேகத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. அதிக வேகத்தில் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே 10 சதவீதத் திறன் உண்மையாகவே கூடினாலும், 100 கி.மீ. போகும் வண்டி 103 கி.மீ. தான் போகும். அந்த மூன்று கிலோமீட்டருக்காகவா ஒரு மாத உழைப்பு?

சட்டத்தின் பக்கமும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஏழாயிரம் கொடுத்து வாங்கியதற்கு மேலும் ஐயாயிரம் கொடுக்கும் நிலை!

"இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வத்தையே குற்றம் என்கிறாயா?" என்று சிலர் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. நமக்குப் பக்கத்துச் சூலூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டியே இயந்திரக் கலையைக் கற்றார். வேகத்தின் மீது ஆசை கொண்டவர்களுக்குக் கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் பந்தயத் தடமே இருக்கிறது. கழற்றிப் பார்ப்பது அறிவைத் தேடுவது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி மாட்டிக்கொள்வது அந்தத் தேடலைப் பிறர் கையில் ஒப்படைப்பது.

எனவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, விற்பவரிடம் கேளுங்கள்: என் வண்டியை, ஒரே நாளில், ஒரே டைனமோமீட்டரில், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளந்து வரைபடம் தருவீர்களா? தர மறுப்பவரிடம் வாங்க மறுங்கள். மற்றொன்று, கையில் காசு இருந்தால் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் தலைக்கவசத்துக்கும் செலவிடுங்கள். சங்கிலியைச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டு, சக்கரத்தில் சரியான காற்றழுத்தம் வைத்திருந்தாலே வீணாகும் திறனில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு நம் இயற்பியல் மன்றம், இவ்விளம்பரப் பொருள்களில் ஒன்றையேனும் முறைப்படி சோதித்து முடிவைப் பலகையில் எழுதி வைக்கலாமே! எங்கள் வீடுகளில் நாங்களே முதல் பட்டதாரிகள். "நீ படிச்சவனாச்சே, இது மெய்யா பொய்யா?" என்று நாளை எங்களைத்தான் ஊர் கேட்கும். காதால் கேட்பதும் பொய், கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். தீர விசாரிக்கும் முறையைக் கற்கத்தானே இக்கல்லூரிக்கு வந்திருக்கிறோம்?