உப்பைத் தின்றவன் யார்? தண்ணீர் குடித்தவன் யார்?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. நொய்யல் கரையிலே அது தலைகீழாயிற்று, தோழனே! உப்பைத் தின்றவன் ஒருவன். தண்ணீர் குடித்தவன் வேறொருவன்!

பருத்திப் பனியனுக்குச் சாயம் ஏற்றத் தொட்டியிலே உப்பு கொட்டியாக வேண்டும். உப்பில்லையேல் சாயம் நூலை நன்றாகப் பற்றாது. துணி கரையேறிய பின் அந்த உப்பு எங்கே போயிற்று? திருப்பூரில் அது ஆற்றுக்குப் போயிற்று. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. கிணறு உவர்த்தது, வயல் வெளுத்தது, உழவன் நீதிமன்றப் படியேறினான்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு பிழைக்கட்டும், நல்லது! ஆனால் பூட்டிய கதவின் முன்னே நின்றவன் யார்? உப்பு கொட்டச் சொன்னவனா? இல்லை, கூலிக்குக் கொட்டியவன். உழவனையும் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தி, ஆறா, சோறா என்றொரு கேள்வி! கேள்வியே மோசடி!

விஞ்ஞானம் வேறு விடை வைத்திருக்கிறது. கழிவு நீரின் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும், நிறத்தையும் போக்கலாம், உப்புதான் மசியாது. ஆகவே மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். நல்ல நீர் அந்தப் பக்கம், உப்பு இந்தப் பக்கம். எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சினால் உப்பு படிந்து வருகிறது. நீரும் உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கே. ஆற்றுக்கு ஒரு சொட்டும் விடக் கூடாது என்பது விதி. இந்த முறைக்காகவே திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. குறையில்லையா? உண்டு. மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அதற்கும் வழி கண்டாக வேண்டும்.

ஆனால் சவ்வும் சும்மா வராது. காய்ச்சும் அடுப்பும் சும்மா எரியாது. கடல் கடந்த கடைக்காரர் பனியனுக்கு விலை பேசுகிறார். அதை வெளுத்த நீருக்குப் பேசுகிறாரா? அவர் பேசாத செலவைப் பட்டறைக்காரர் தலையில் கட்டினால், அவர் யார் தலையில் இறக்குவார்? கூலி உயர்வு கேட்டு நிற்பவன் தலைதானே அருகில் இருக்கிறது!

அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும் சங்கத் தோழர்கள், பஞ்சப்படிக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் மேசைமீது வைக்கச் சொல்லட்டும்: ஒரு பனியனின் நீரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு எவ்வளவு, அதில் வாங்குகிறவர் கொடுத்தது எவ்வளவு?