சவ்வு என்பது மதிலன்று

உயிரியல் வகுப்பில் செல் சவ்வு பெரும்பாலும் இரண்டு உவமைகளால் அறிமுகமாகிறது. ஒன்று, செல்லைச் சூழ்ந்த மதில். மற்றொன்று, வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததைத் தடுக்கும் வாயிற்காவலன். தேர்வுத்தாளுக்கு இவ்விரண்டும் போதும். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளரின் மூச்சைப் பறித்த நோயை விளக்க இவை போதா.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் காலூன்றிய அந்நிலத்தில், தங்கம் குவார்ட்சுப் பாறையின் இழைகளில் கலந்திருந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் அப்பாறையைத் துளையிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 1947இல், கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்துதான் என்று மருத்துவப் பாடநூல்கள் குறிக்கின்றன.

அந்நோயில் நிகழ்வது என்ன? செல் சவ்வு சில நானோமீட்டர் தடிப்பே உள்ள இரட்டைக் கொழுப்பு அடுக்கு. சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்த திரவ மொசைக் மாதிரியின்படி, அதன் கொழுப்பு மூலக்கூறுகளும் பல புரதங்களும் ஓரிடத்தில் உறையாமல் பக்கவாட்டில் நகர்கின்றன. இந்நெகிழ்ச்சி இருப்பதால்தான் நுரையீரலிலுள்ள மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல், தன் சவ்வை நீட்டித் தூசுத்துகளைச் சூழ்ந்து விழுங்க முடிகிறது. வெளிச்சவ்வின் ஒரு பகுதியே உள்ளே பையாக மாறுகிறது. அப்பை நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைகிறது. பாக்டீரியா என்றால் அங்கே செரிக்கப்படும். குவார்ட்சு செரிக்காது. அதன் மேற்பரப்பிலுள்ள சிலனால் தொகுதிகள் பையின் சவ்வைச் சிதைக்கின்றன. புதிதாக உடைந்த துகளுக்கு இவ்வாற்றல் மிகுதி. துளைப்பொறியின் முன் நின்றவர் சுவாசித்தது அத்தகைய தூசையே. அலிசன், ஹாரிங்டன், பர்பெக் ஆகியோர் இச்சிதைவை 1966இல் விளக்கினர். நொதிகள் கசிகின்றன, செல் மடிகிறது, அழற்சி பரவுகிறது. விடுபட்ட துகளை அடுத்த மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. சுற்றுக்குச் சுற்று தழும்புத் திசு பெருகுகிறது.

இங்கே மதில் இடியவில்லை, காவலன் உறங்கவுமில்லை. வெளிச்சவ்வு தன் கடமையைச் சரியாகவே செய்தது. கேடு நிகழ்ந்தது, அதே சவ்வு உள்ளே சென்று பையான இடத்தில்.

உவமைப் பிழை வகுப்பறையோடு நிற்பதில்லை. ‘நுரையீரலில் தூசு படிந்துவிட்டது’ என்னும் வழக்கு, அலமாரியில் படிந்த தூசை நினைவூட்டுகிறது. அக்காட்சியை நம்பினால், வேலையை விட்டதும் நோயும் நின்றுவிட வேண்டும். உண்மையில், தூசிலிருந்து விலகிப் பல்லாண்டு கழிந்த பின்னும் சிலிக்கோசிஸ் முற்றுவதுண்டு. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அந்நாளையே தொழிலாளரின் பாதிப்பு முடிந்த நாளாகக் கொள்வது அறிவியலுக்குப் புறம்பானது. பணி முடிந்த பின்னும் மார்புப் பரிசோதனையும் இழப்பீட்டு உரிமையும் தொடர வேண்டும் என்பதற்கான காரணம் சவ்வின் செயலிலேயே உள்ளது.

மாணவர்க்கு உவமையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், தமிழ் அதை முன்பே தந்திருக்கிறது. சவ்வு என்னும் சொல் பேச்சில் ‘ஜவ்வு’ ஆகி, ஜவ்வு மிட்டாயிலும், ‘ஜவ்வு மாதிரி இழுக்கிறான்’ என்னும் ஏச்சிலும் வாழ்கிறது. நீள்வது, வளைவது, ஒட்டிக்கொள்வது ஆகிய பொருட்கூறுகள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. மதிலும் காவலனும் அவற்றை மறைத்துவிடுகின்றன.

செல் விழுங்குதலைக் கற்பிக்கும் பக்கத்தில் அமீபாவின் படம் வழக்கமாக இருக்கிறது. அதனருகே குவார்ட்சுத் துகளை விழுங்கிய மேக்ரோஃபேஜின் படமும் இடம்பெறட்டும். தாத்தாவின் மூச்சிரைப்புக்கான விளக்கத்தைத் தங்கவயலின் மாணவர் தம் பாடநூலிலேயே படித்தறிய வேண்டும்.