மாடியும் நிலம்தான், சாவி யார் கையில்?

சோளக்காடு சந்தைக்கு வந்து போனவர்கள் பலாப்பழத்தையும் மிளகையும் வாழைத்தாரையும் நினைவில் வைத்திருப்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, வாங்கிக்கொண்டு, இறங்கிப் போய்விடுவார்கள். நான் அந்தச் சந்தைக்குப் பக்கத்து ஊர்க்காரன். அரசுப் பதிவேட்டில் 'மலையாளி' என்று எழுதப்பட்ட பழங்குடி. பிழைப்புக்காகச் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தார். சாம்பலில் புரட்டி வைத்த மொச்சை விதை. "மொட்டை மாடியில நாலு பையில போட்டு வுடு கண்ணு, காசு குடுத்து வாங்காத" என்றார். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை பற்றி நானும் படித்திருந்தேன். பைகள், தென்னை நார்க்கழிவு, காய்கறி விதைகள் எல்லாம் சேர்த்து மானிய விலையில் தருகிறார்கள். சரி, போடலாம் என்று வீட்டு உரிமையாளரிடம் மாடிச் சாவி கேட்டேன்.

"தண்ணி இறங்கி தளம் ஒழுகும்" என்றார். நியாயமான பயம்தான். ஈரமான பை கனக்கும், வேர் விரிசலைத் தேடும். நானும் விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. உரிமையாளரின் சொந்தச் சாதி. அவர்களுக்குச் சாவி கிடைத்தது. இன்று மாடியில் தக்காளியும் கீரையும் தளதளவென்று நிற்கின்றன. தளம் ஒழுகவில்லை. குடிவந்த அன்று "நீங்க எந்த ஆளுங்க?" என்று அவர் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இது மொச்சைக்கான சண்டை மட்டும் இல்லை. தமிழ்நாடு அரசு 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று மாடித்தோட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு வந்த ஆட்சியும் தளை கொடுக்கிறது. நல்ல திட்டம். நஞ்சில்லாத காய் கிடைக்கும், வீட்டுச் சூடு குறையும், சமையல் கழிவு உரமாகும். ஆனால் பையும் விதையும் தரும் அரசு, அந்தப் பையை வைக்க இடம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. மாடி இருப்பவருக்கு மானியம், மாடி இல்லாதவருக்கு விளம்பரம். நடைமுறையில் திட்டத்தின் பொருள் இதுதான்.

இந்தக் கதை நமக்குப் புதிதா? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. அந்தப் பஞ்சமி நிலம் எங்கே போனது? அதை மீட்கக் கேட்ட 1994 அக்டோபர் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர் இன்னும் 'கூலி'தான். நான்கு தொட்டியில் தக்காளி பறித்தவர் அடுத்த நாளே 'விவசாயி' ஆகிறார். அந்தத் தொட்டிக்கும் பல வீடுகளில் தண்ணீர் ஊற்றுவது வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். படத்தில் அவர் இருக்க மாட்டார்.

கிராமம் சாதியின் குகை என்பதால்தான் அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அதன் புகழ்பாடலைக் கண்டித்தார். நகரத்துக்கு வந்தால் சாதி தளரும் என்று நம்பித்தான் நாமும் வந்தோம். நகரமோ ஊரையும் சேரியையும் ஒரே கட்டடத்துக்குள் அடுக்கி, நடுவில் ஒரு மாடிக் கதவைப் போட்டுப் பூட்டியிருக்கிறது. 'சைவம் மட்டும்' என்ற வாடகை அறிவிப்பும் அந்தப் பூட்டும் ஒரே பட்டறையில் செய்தவை.

எங்கள் மலையின் சாமைக்கும் தினைக்கும் 2023இல் உலக சிறுதானிய ஆண்டு என்று விழா எடுத்தார்கள். 'கொல்லிமலை நாட்டு விதை' என்றால் நகரத்தில் தனி மதிப்பு. விதைக்கு இருக்கும் வரவேற்பு அதைக் காப்பாற்றி வந்தவரின் பிள்ளைக்கு இல்லை.

மாடித்தோட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் வேண்டும் என்கிறேன். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குவிக்கப்பட்ட மக்களிடமிருந்து தொடங்குங்கள். அங்கே அடுக்கடுக்காக நிற்கும் வாரியக் கட்டடங்களின் உரிமையாளர் அரசுதானே? தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, மேலே ஒரு குழாய், பெண்கள் குழுக்களின் கையில் சாவி: இம்மூன்றையும் தர எந்த வீட்டு உரிமையாளரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தில், சாதி கேட்டு வீடு மறுப்பதையும் பொது இடத்தைப் பூட்டுவதையும் குற்றமாக்கும் பிரிவைச் சேருங்கள். மானியத்தில் பாதியையாவது வாடகைக் குடியிருப்போருக்கு ஒதுக்குங்கள்.

அம்மா ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் கேட்கிறார், "மொச்சை காச்சுதா கண்ணு?" ஜன்னல் கம்பியில் கட்டிய ஒரு டப்பாவில் ஒரு கொடி ஏறிக்கொண்டிருக்கிறது. வெயில் போதாததால் இன்னும் பூக்கவில்லை. வெயில் மேலே இருக்கிறது, பூட்டுக்கு அந்தப் பக்கம்.