காயலான் கடைக்குப் போடும் முன்...

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குப் பழைய இரும்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிப்காட்டுக்குள் லாரி லாரியாகக் காயலான் கடைச் சரக்கு போகும். உலையில் உருகும். மறுபக்கம் முறுக்குக் கம்பியாக வெளியே வரும். துருப்பிடித்த கட்டிலுக்குக்கூட மறுபிறவி உண்டு என்று தெரிந்த ஊர் அது. அதே ஊர் ஆபீஸ்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரை, 'இது செத்துப் போச்சு' என்று மூலையில் அடுக்குகிறார்கள் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

காரணம் ஒரு தேதி. 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. 'சரி, 11-க்கு மாறிக்கறோம்' என்று போனால் வாசலிலேயே வாட்ச்மேன். டி.பி.எம். 2.0 இருக்கா? இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையா? எட்டாம் தலைமுறை வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தையது என்றால் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 'அப்படி ஓரமா நில்லு!' நம்மூரில் ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்த்தவனுக்கு மரியாதை உண்டு. கம்ப்யூட்டரில் ஏழாம் தலைமுறை என்றால் இந்தக் கதி.

கடைக்காரரிடம் போனால் இரண்டு வழி சொல்வார். ஒன்று, புதுசு வாங்குங்க. இரண்டு, 'விடுங்க சார், நான் ஒண்ணு போட்டுத் தர்றேன்!' அந்த 'ஒண்ணு' என்பது பூட்டு உடைத்த விண்டோஸ். பூட்டை உடைத்தவன் போகும்போது உள்ளே எதை வைத்துவிட்டுப் போனான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். சம்பள லிஸ்ட்டும் பேங்க் பாஸ்வேர்டும் இருக்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

மூன்றாவது வழி லினக்ஸ். கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற ஹெல்சிங்கி காலேஜ் பையன், வயசு 21, ஒரு 386 கம்ப்யூட்டர் வாங்கினான். கையில் முழுப் பணம் இல்லை, பாக்கியைத் தவணையில் கட்டினான். (நம்ம ஆளு!) அதில் அவன் எழுத ஆரம்பித்ததுதான் லினக்ஸ். சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிசா ஒண்ணும் வராது என்கிற தொனியில் அந்த ஆகஸ்ட் 25-ம் தேதி உலகத்துக்குச் சொன்னான். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் இருப்பது அதுதான். 2017 நவம்பர் பட்டியலிலேயே உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் அதுதான் ஓடியது.

காசு? கிடையாது. அப்புறம் ஏன் எல்லோரும் போடவில்லை?

ஏனென்றால் லினக்ஸ்தான் இலவசம், தெரியாத்தனம் இலவசமில்லை. மாதக் கடைசியில் மிச்சம் பிடித்து ஒரு வைஃபை டாங்கிள் வாங்குகிறீர்கள். லினக்ஸில் செருகினால் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கவரைப் பிரித்தாயிற்று, கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். பணக்காரன் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவான். நமக்கு அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி வர வேண்டும். அதனால்தான் லினக்ஸ் பிரியர்கள் எங்கே கூடினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும்: 'எந்த மாடல்? உங்களுக்கு ஓடுச்சா?'

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு வயசாகிவிட்டது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998 ஜனவரியில் ஆரம்பித்தது. பல வருஷம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடினார்கள். டிக்கெட் கிடையாது. காலேஜ் பையனும் போகலாம், ரிட்டயர் ஆனவரும் போகலாம். காஞ்சியில் ஒரு குழு, விழுப்புரத்தில் ஒரு குழு என்று பிறகு வந்தன. விழுப்புரம் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லித் தந்தது. 'கணியம்' மின்னிதழ் 2012-லிருந்து இந்த விஷயங்களைத் தமிழிலேயே எழுதியது.

அதற்கும் முன்னால் டவுன்லோடு என்பதே ஆடம்பரம். 1996-ல் பி.சி. க்வெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் சி.டி.யை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. அந்த ஒரு சி.டி. எத்தனை வீட்டுக்குப் போய்வந்தது என்று சொல்ல முடியாது. உபுண்டுக்காரர்கள் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் சி.டி.யைத் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2007-ல் எல்காட் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் ஆரம்பித்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. நல்ல காரியம். ஆனால் என் கண்ணில் பட்ட பிள்ளைகள் பலபேர் செய்த முதல் வேலை, பாஸை அழித்து அந்த இடத்தில் சினிமா ஏற்றியது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். லேப்டாப் கொடுத்தார்கள், பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆளைக் கொடுக்கவில்லை. ஆள்தான் முக்கியம்.

இப்போது ஒரு கேஸைப் பாருங்கள். நண்பர் ஒருவர். கவரைப்பேட்டையில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்குகிறவர், சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர், நாலும் நாலாம் தலைமுறை. 'நாலையும் எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாம்' என்று முதலாளி சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? நண்பர் முகம் செத்திருந்தது.

"அண்ணா, நாலு புதுசு வாங்கினா அந்தக் காசை எங்கேர்ந்து எடுப்பார்னு நெனைக்கறீங்க? எங்க போனஸ்லேர்ந்துதான். லினக்ஸ் போட்டா எல்லாம் ஓடுமாண்ணா?"

'எல்லாம்' என்ற வார்த்தைதான் டேஞ்சர். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம்.

முதலில் டாலி. நானும் பி.காம்.தான், அதனால் பச்சையாகவே சொல்கிறேன்: டாலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. ஒயின் என்கிற சமாசாரத்தைப் போட்டு (அது இல்லீங்க, இது மென்பொருள்) லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிற சூரர்கள் உண்டு. மாதக் கடைசி ராத்திரி பத்து மணிக்கு லைசென்ஸ் மக்கர் செய்தால் அந்தச் சூரர் வந்து நிற்பாரா? க்னூகாதா என்று இந்தியாவிலேயே செய்த இலவசக் கணக்கு மென்பொருள் இருக்கிறது. புதுசாகக் கடை வைக்கிறவர் முயற்சி செய்யலாம். ஆடிட்டர் டாலி ஃபைல்தான் கேட்பார் என்றால், டாலிக்கு ஒரு விண்டோஸ் மெஷின் இருந்தே ஆக வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதிலேயே இருக்கட்டும். வருமான வரி, ஜி.எஸ்.டி. விஷயத்தில் வீரம் காட்டக் கூடாது.

அடுத்தது பிரிண்டர். இங்கேதான் கதை ருசிக்கிறது. ஏனென்றால் இந்த இலவச மென்பொருள் வம்பே ஒரு பிரிண்டரில்தான் ஆரம்பித்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர். பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எல்லோர் திரைக்கும் தகவல் போகிற மாதிரி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரிண்டர் வந்தது. அதையும் அப்படித் திருத்தலாம் என்றால் அதன் மூல நிரல் கையில் இல்லை, கேட்டும் கொடுக்கவில்லை. மனுஷனுக்குக் கோபம் வந்தது. 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். அந்தக் க்னூவும் லினஸின் லினக்ஸும் சேர்ந்ததுதான் இன்றைக்கு நாம் போடுவது.

அவ்வளவு வருஷம் கழித்து நம் நண்பரின் ஆபீஸிலும் பிரச்னை பிரிண்டர்தான். கேனன் எல்.பி.பி. 2900. இந்தியாவில் இது இல்லாத ஜெராக்ஸ் கடையைத் தேடத்தான் வேண்டும். அப்படியொரு உழைப்பாளி. ஆனால் அது பேசுவது கேனனின் சொந்த பாஷை, லினக்ஸுக்குத் தனி டிரைவர் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். ஒருத்தருக்கு ஓடும், அடுத்தவருக்கு முதல் பக்கத்தோடு நின்றுவிடும். ஹெச்.பி. 1020 என்றால் ஒரு கூடுதல் இணைப்பை இறக்கினால் வழிக்கு வரும். சமீப வருஷங்களில் வந்த நெட்வொர்க் பிரிண்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே வேண்டாம்.

ஆச்சரியம் என்னவென்றால், குடோனில் கர்ர்ர் கர்ர்ர் என்று கத்திக்கொண்டிருக்கிற டி.வி.எஸ். டாட் மேட்ரிக்ஸ். அதுதான் முதலில் போகும் என்று நண்பர் நினைத்திருந்தார். அது பேசுவது எப்சன் பாஷை, லினக்ஸுக்கு அது பழைய பாடம். எப்சன் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் டெலிவரி சலான் மூன்று காப்பியும் சுத்தமாக வரும். கிழவன்தான் கடைசியில் கை கொடுப்பான்.

சம்பள ஷீட், கொட்டேஷன் எல்லாம் லிப்ரே ஆபீஸில் திறக்கும். எக்ஸெல்லில் யாரோ ஒரு புண்ணியவான் மேக்ரோ எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தால் மட்டும் உஷார்.

இனி செலவு. பழைய மெஷினில் இரண்டே வைத்தியம். சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது, இதுதான் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். அப்புறம் ரேம். லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற வகை 2 ஜி.பி.யில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. லேப்டாப்புக்கு வாங்குகிறவர்கள் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டி.டி.ஆர்.3 வேறு, டி.டி.ஆர்.3 எல் வேறு. முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நாலாம் தலைமுறை லேப்டாப்புக்குத் தம்பிதான் வேண்டும்.

வைஃபை டாங்கிளில் ஒரு சூட்சுமம். அட்டைப்பெட்டியில் அதே பெயர், அதே மாடல். ஓரத்தில் பொடி எழுத்தில் வெர்ஷன் 2, வெர்ஷன் 3 என்று இருக்கும். உள்ளே சிப் வேறு. போன வருஷம் நண்பனுக்கு ஓடியது இந்த வருஷம் உங்களுக்கு ஓடாததற்குக் காரணம் ராசியில்லை, அந்தப் பொடி எழுத்து. அதுவரை அவசரத்துக்கு, ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் செருகி டெதரிங் ஆன் பண்ணுங்கள். பெரும்பாலும் எந்த டிரைவரும் கேட்காமல் நெட் வரும்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் பர்ஸோடு லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவும் எடுத்துப் போங்கள். ஒன்றும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை, சவுண்ட், கேமரா எல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம். ஹார்டு டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, பேட்டரியில் எத்தனை சதவீதம் உயிர் மிச்சம் என்பதையும் அது புட்டுப் புட்டு வைக்கும். 'டாக்டர் ஒருத்தர் வீட்ல வெச்சிருந்தது சார், தொட்டதேயில்ல' என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் இருபதாயிரம் மணி நேரம் என்று வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! உடனே விலை இறங்கும்.

இதெல்லாம் யாரோ காசைப் போட்டு, கையைச் சுட்டுக்கொண்டு கண்டுபிடித்துச் சொன்னது. அவர்களிடம் போய் நம்மவர்கள் கேட்கிற அழகு இருக்கிறதே...

"சார், லினக்ஸ் போட்டேன், நெட் வரல."

"என்ன மெஷின் தம்பி?"

"பிளாக் கலர் சார்."

டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்ல' என்று மட்டும் சொல்லிவிட்டு நாக்கைக்கூட நீட்டாமல் உட்கார்ந்திருந்தால் அவர் என்ன செய்வார்? மாடல் நம்பர், எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், நீங்கள் என்ன செய்தீர்கள், திரையில் வந்த வார்த்தை என்ன, அப்படியே எழுத்து மாறாமல். ஐந்தையும் சொன்னால் பாதி நேரம் பத்து நிமிஷத்தில் பதில் வரும். பதில் வந்து, ஓடியும் விட்டால் 'தேங்க்ஸ் பாஸ்' என்று ஓடிவிடாதீர்கள். எது சரியாக ஓடியது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். அதே பிரிண்டரை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் காக்களூர் எஸ்டேட்டில் இன்னொருத்தர் தலையில் கை வைத்து உட்காரப் போகிறார்.

நண்பர் கடைசியில் முதலாளியிடம் ஒரு தாளை நீட்டினார். புதுசு ஒன்று: டாலி, டோக்கன், கேனன் பிரிண்டர் மூன்றும் அதில். பழையது மூன்று: எஸ்.எஸ்.டி. மாற்றி லினக்ஸ் மின்ட். முதலாளி தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "லினக்ஸ் எவ்வளவு?" என்று கேட்டாராம்.

"சும்மா சார்."

"சும்மாவா? அப்ப சர்வீஸுக்கு யார் வருவா?"

"நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மூன்று மெஷினும் ஓடுகின்றன. ஒன்றில் ஃபேன் மட்டும் ரைஸ் மில் மாதிரி சத்தம் போடுகிறதாம். லினக்ஸில் அதற்கு வழி இருக்கா என்று கேட்டார். பெயின்ட் பிரஷ் எடுத்து ஐந்து வருஷத்துத் தூசியைத் தட்டச் சொன்னேன். போனஸ் என்னாயிற்று என்பது தீபாவளிக்குத்தான் தெரியும்.