வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் வெளியூர்க்காரனா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அமெரிக்காவில் பல் டாக்டருக்குப் படிக்கப் போகிறவனுக்குப் பல் போவதில்லை; பணம் போகிறது. சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் படிக்கப் போனாலோ, அது இன்னும் வேகமாகப் போகிறது!

உலகத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-ல் அமெரிக்காவில்தான் தோன்றியது. மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரம் அதன் பிறப்பிடம். இன்று அந்த நாட்டில் 70-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 4 ஆண்டுப் படிப்பு. ஆனால் மொன்டானா, வயோமிங் போன்ற மாநிலங்களில் ஒரு கல்லூரிகூடக் கிடையாது. அங்குள்ள பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலம் போகவேண்டியதுதான்.

ஒரே வகுப்பு, இரண்டு சம்பளம்

போன இடத்தில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. மாநில அரசாங்கம் நடத்தும் கல்லூரியில் படிப்புச் சம்பளம் இரண்டு விதம். உள்ளூர் மாணவனுக்கு ஒன்று, வெளி மாநிலத்தானுக்கு ஒன்று. ஒரே பெஞ்சு, ஒரே ஆசிரியர், ஒரே பாடம். ஆனால் பக்கத்தில் இருப்பவனைவிட இவன் ஆண்டுதோறும் பல்லாயிரம் டாலர் அதிகம் கட்டவேண்டும்.

கடன் வாங்கிப் பல் மருத்துவம் படித்தவர்கள் பட்டத்தோடு வெளியே வரும்போது, ஒவ்வொருவர் தலையிலும் சராசரியாகச் சுமார் 3 லட்சம் டாலர் கடன் நிற்கிறது. கல்யாணம், வீடு, சொந்த ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கடன் வந்து நிற்கிறது.

மாநிலங்களின் பக்கமும் நியாயம் உண்டு. உள்ளூர் ஜனங்களின் வரிப்பணத்தில் கல்லூரி நடக்கிறது. பல ஆண்டுகளாக வரி கட்டிய தகப்பனின் பிள்ளைக்குச் சலுகை கொடுப்பதில் தவறில்லை. நேற்று வந்தவனுக்கும் அதே சலுகையா என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வருஷம் குடியிருந்தால்?

வந்தவனும் உள்ளூர்க்காரன் ஆக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் 12 மாதம் அங்கேயே குடியிருக்கவேண்டும். கார் லைசென்ஸை அந்த மாநிலத்துக்கு மாற்றவேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவேண்டும். வருமான வரி இருந்தால் அங்கே கட்டவேண்டும். வீட்டு வாடகைப் பத்திரத்தைக் காட்டவேண்டும்.

இத்தனையும் செய்து முடித்தவனிடம் பல இடங்களில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “நீ குடியேற வந்தாயா, படிக்க வந்தாயா?”

படிக்க வந்தேன் என்று உண்மையைச் சொன்னால், நீ வெளியூர்க்காரன்தான் என்று மனுவைத் தள்ளிவிடுகிறார்கள். சில மாநிலங்களில் இரண்டாம் ஆண்டே உள்ளூர்ச் சம்பளம் கிடைக்கிறது; சில மாநிலங்களில் நாலு வருஷமும் கிடைப்பதில்லை. (மாணவர் விசாவில் நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டதே. அந்த விசாவே திரும்பிப் போவதாகச் சொல்லி வாங்குவது.)

சுப்ரீம் கோர்ட் சொன்னது

இந்த வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் 1971-ல் ஒரு சட்டம் போட்டது. மனுப் போடுவதற்கு முந்திய ஓராண்டில் எப்போதாவது வெளி மாநிலத்தில் விலாசம் வைத்திருந்த மணமாகாத மாணவர், படிப்பு முடியும்வரை வெளியூராரே என்றது அது. மணமானவருக்கு மனுப் போடும் நாளில் இருந்த விலாசமே கணக்கு. இரண்டு மாணவிகள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1973-ல் தீர்ப்பு வந்தது. உள்ளூர் மக்களுக்குச் சலுகை காட்டலாம், நியாயமான நிபந்தனைகளும் போடலாம். ஆனால் நான் இந்த ஊரார்தான் என்று நிரூபிக்க ஒரு சந்தர்ப்பமே தராமல் வாயை அடைப்பது கூடாது என்றது கோர்ட்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அது கதவைத் தட்டத்தான் உரிமை தந்தது; கதவு திறக்கும் என்று உறுதி தரவில்லை.

அவன் கை செய்யும் வேலை

பல் மருத்துவ மாணவன் புத்தகம் மட்டும் படிக்கிறவன் அல்ல. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆசிரியர் மேற்பார்வையில் சொத்தைப் பல்லை அடைக்கிறான், பல் பிடுங்குகிறான், பல் செட் கட்டுகிறான். குறைந்த கட்டணம் என்று அங்கே வருகிறவர்கள் யார்? அந்த ஊர் ஏழைகள்தான். ஊரார் வாய்க்குள் கைவைத்து வலியைத் தீர்க்கும்போது அவன் நம்மவன். சம்பளம் கட்டும்போது மட்டும் அந்நியனா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பல இடங்களில் போதிய பல் டாக்டர்கள் இல்லை. அப்படியிருக்க, வந்தவனை விரட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. முதல் ஆண்டு வெளியூர்ச் சம்பளம் வாங்கட்டும். பிறகு, “படித்து முடித்துச் சில ஆண்டுகள் இங்கே தொழில் செய்கிறேன்” என்று எழுதிக் கொடுப்பவனுக்கு உள்ளூர்ச் சம்பளம் போடட்டும். சொன்ன சொல் தவறினால் பாக்கியை வசூல் செய்யட்டும். வரி கட்டியவருக்கும் நஷ்டமில்லை. ஊருக்கும் ஒரு டாக்டர் மிச்சம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “அடுத்த வருஷம் சம்பளம் குறைந்துவிடும்” என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கடன் வாங்கக்கூடாது. சேருமுன்பே கல்லூரி அலுவலகத்தில் விதியைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கவேண்டும். நாலு வருஷமும் முழுச் சம்பளம் கட்டமுடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். உறவினர் விலாசத்தைக் கொடுத்துப் பொய்க் கணக்குக் காட்டவே கூடாது. பிடிபட்டால் பணத்தோடு படிப்பும் போகும்.

குடியிருக்கிற ஊருக்கு உண்மையாக இருப்பது மாணவன் கடமை. உண்மையாக இருப்பவனைத் தன்னவன் என்று ஏற்பது ஊரின் கடமை.