பக்கத்து சீட்டில் இருந்தவர் யார்?

மேலூரில் நான்குவழிச்சாலையை ஒட்டி ஒரு லேத் பட்டறை. அங்கே ஒரு மதியம், அதை நடத்தும் பெரியவரிடம் என் போனில் ஒரு வீடியோ காட்டினேன். ஃபியட் எஸ்76. 1911இல் இத்தாலியின் டுரின் நகரத்தில் கட்டப்பட்ட பந்தயக் கார். நான்கே சிலிண்டர், 28 லிட்டர் இன்ஜின், பக்கவாட்டிலிருந்து நெருப்பு கக்கும். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஊமையாகக் கிடந்ததை 2014இல் ஸ்டார்ட் செய்தார்கள். அடுத்த வருஷம் இங்கிலாந்தின் குட்வுட்டில் ஓட்டியும் காட்டினார்கள்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "ரேஸு வண்டிங்கிற. ஓட்டுறவனுக்குப் பக்கத்துல இன்னொரு சீட்டு எதுக்கு தம்பி?"

அது மெக்கானிக்கின் சீட்டு. அந்தக் காலப் பந்தயங்களில் ஓட்டுநரோடு ஒரு மெக்கானிக்கும் போவார். கையால் பம்ப் அடித்து எரிபொருளுக்கும் ஆயிலுக்கும் அழுத்தம் ஏற்றுவார். பின்னால் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்த்துச் சொல்வார். டயர் வெடித்தால் இறங்கி மாற்றுவார். வண்டி கவிழ்ந்தால் அவரும்தான் சாவார். 1911இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ரே ஹாரூன் தனியாளாக ஓட்டி ஜெயித்தார். பின்னால் பார்க்க ஆள் இல்லையே என்று மற்றவர்கள் தகராறு செய்ததால் வண்டியில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். 1920களின் நடுவில் கிராண்ட் பிரீ பந்தயங்களிலும் மெக்கானிக்கின் சீட்டு காலியானது.

இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "நம்ம துணைச்சாரதி மாதிரி." மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பெரிய மாடோ பூஞ்சிட்டோ, மைக்கில் மாட்டுக்காரர் பேரோடு சாரதி பேரும் வரும், துணைச்சாரதி பேரும் வரும். சொல்லாமல் விட்டால் அங்கேயே சண்டை நடக்கும்.

பழைய கார் ரசிகர்களோடு எனக்கிருக்கும் சண்டையும் அதுதான்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்தில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். ஆனால் நம் ஆட்கள் பழைய காரைப் பற்றி எழுதுவதைப் படித்துப் பாருங்கள். எந்த ராஜா வாங்கினார், எந்தச் செட்டிநாட்டு வீட்டுக் கொட்டகையில் நின்றது, இப்போது யாரிடம் இருக்கிறது, ஏலத்தில் என்ன விலை போகும். உடைமையாளர்களின் வம்சாவளி முழுசாக இருக்கிறது. இந்த வெயிலிலும் புழுதியிலும் அதை அறுபது, எழுபது வருஷம் ஓடவைத்தவன் யார் என்று ஒரு வரி கிடையாது. அவன் எல்லாப் பதிவிலும் "உள்ளூர் மெக்கானிக்". அதுவும் பெரும்பாலும் வசவு. "உள்ளூர் மெக்கானிக் கெடுத்து வெச்சிருந்தான், நாங்க ஒரிஜினலா மாத்தினோம்."

அவன் எங்கே கெடுத்தான்? லண்டனிலிருந்து பாகம் வர வழியில்லாத வருஷங்களில் வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்தினான். பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் உருக்கி ஊற்றி, கையால் சுரண்டிச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவந்தான். அதைச் செய்யாவிட்டால் அந்தக் கார் காயலான் கடைக்குப் போயிருக்கும். இன்று நீங்கள் ரெஸ்டோர் செய்ய எதுவும் மிஞ்சியிருக்காது.

"ஒரிஜினல்தான் முக்கியம், இல்லாட்டி அது வரலாறே இல்லை" என்பார்கள். சரி, ஒரிஜினலையே பேசுவோம். அந்த எஸ்76, ஒரு வண்டியின் சேசிஸும் இன்னொரு வண்டியின் இன்ஜினும் சேர்ந்தது. மிச்சத்தில் பலவும் புதிதாகச் செய்தவை. 1929, 1930 இரண்டு வருஷமும் லே மான் பந்தயத்தை ஜெயித்த பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' கார், ஒரு கோடி பவுண்டு விற்பனைத் தகராறாக 1990இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. பாகங்களெல்லாம் மாறிவிட்டன, இது அந்தக் காரே இல்லை என்றார் வாங்க ஒப்புக்கொண்டவர். நீதிபதி ஏற்கவில்லை. பாகங்கள் மாறினாலும் வண்டியின் வரலாறு அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு இதுவே உரியது என்று தீர்ப்பானது. அங்கே செய்த மாற்றம் வரலாறு, மதுரைப் பட்டறையில் செய்த மாற்றம் மட்டும் கெடுதலா?

நம் சட்டமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது. தேறினால் 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட். சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்குத்தான் இது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அதில் இடமில்லை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது மதுரை டிவிஎஸ், கரியை எரித்து வாயு எடுக்கும் கலன் செய்து விற்றது. பஸ்கள் அதில் ஓடின. நம் மோட்டார் வரலாற்றில் இதைவிடச் சுவாரசியமான மாற்றம் எத்தனை இருக்கும்? ஆனால் இந்த விதியின்படி கரி பஸ் இரண்டு முறை தோற்கும். பஸ் என்பதால் ஒரு முறை, மாற்றப்பட்டது என்பதால் இன்னொரு முறை.

காசு போட்டுக் காரைக் காப்பாற்றுகிறவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் பார்க்க ஒன்றுமே இருக்காது என்பதும் உண்மை. நான் கேட்பது செலவில்லாத விஷயம். உள்ளூர் ரிப்பேரைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கழற்றியதைத் தூக்கி எறியாமல், பெயரெழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். கண்காட்சியில் உடைமையாளர் பெயர்ப் பலகைக்குக் கீழே டிங்கர், பெயின்டர், டர்னர் பெயரையும் எழுதுங்கள். பழைய ஆட்களின் பெயர் தெரியாவிட்டால் பட்டறை இருந்த தெருவையாவது எழுதுங்கள்.

எழுதுகிற, படிக்கிற நமக்கும் வேலை இருக்கிறது. ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்த கைகளுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்கள் யாரும் கையேடு எழுதி வைக்கவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள், போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு.

நான் அன்று அதைச் செய்யவில்லை. வீடியோ முடிந்ததும் பெரியவர், "அந்தத் துணைச்சாரதி பேரு என்ன?" என்று கேட்டார். ஓட்டியவர் ஆர்தர் துரே என்பது மட்டும்தான் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அதைச் சொன்னேன். "நான் கேட்டது அவனை இல்லையே" என்றபடி லேத்தை மறுபடி ஓட்டினார். அவர் தொழில் கற்றுக்கொண்டது யாரிடம் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த வாரம் மறுபடி போகிறேன்.