புகைப்படக் கலையும் நம் மாணவரும்

கலைகளுள் சில, செல்வர்க்கே உரியனவாய் இருந்து, பின்னர் எளியார் கைக்கும் வந்து சேர்ந்தன. புகைப்படக் கலை அவற்றுள் ஒன்று. நம் பாட்டன்மார் காலத்தில் போட்டோ எடுத்துக்கொள்வதென்பது நாள் குறித்து, நல்லாடை உடுத்திச் செய்யும் காரியமாயிருந்தது. இன்றோ, கைப்பேசியுடைய மாணவர் யாவரும் காமிரா உடையவரே. ஆயினும், படங்கள் பெருகிய அளவிற்குப் படம் எடுக்கும் அறிவும் பெருகியுள்ளதா என்று வினவுவோமாயின், ஆம் என்று சொல்ல நா எழவில்லை.

இக்கலையில் புதிதாய் ஆர்வங்கொள்ளும் மாணவர் முதற்கண் கேட்பது, "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பதே. இது முறை மாறிய கேள்வி என்பது என் துணிபு. முதலில் ஒளியைக் கற்று, பின்னரே கருவியை நாடுதல் வேண்டும். கல்விச் செலவிற்கே கடன்படும் பெற்றோர் பலர் இருக்கும் நம் நாட்டில், இது பணத்தைப் பற்றிய விஷயமுமாகும்.

காமிரா என்பது யாது? இருட்டறையொன்றின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து விழும். ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இதனை ஆராய்ந்து எழுதினார். 'காமிரா' என்னும் லத்தீன் சொல்லுக்கும் அறை என்பதே பொருள். அவ்வறையே சுருங்கிப் பெட்டியாயிற்று. துளையில் லென்ஸ் அமர்ந்தது. எதிர்ச்சுவரின் இடத்தில் முதலில் தகடும், பின்னர் பிலிமும், இக்காலத்தில் மின்னணு உணரியும் வந்தன. இலட்ச ரூபாய் பெறும் கருவியும், தகர டப்பாவில் ஊசித்துளையிட்டுச் செய்த கருவியும் ஒரே குலத்தவை.

இப்பெட்டிக்குள் புகும் ஒளியை ஆள்வன மூன்று. குழாயடியில் குடம் நிரப்புவதை எண்ணிப் பாருங்கள். குழாயின் அகலம், அது திறந்திருக்கும் நேரம், குடத்தின் அளவு ஆகிய மூன்றுமே நீர் நிரம்புவதை நிச்சயிக்கின்றன. காமிராவில் அகலம் போன்றது லென்ஸின் துவாரம். நேரத்தை அளப்பது ஷட்டர். சிறு குடம் விரைவில் நிரம்புவதைப்போலச் சிறிது ஒளிக்கே நிறைவது உணர்திறன் மிகுந்த பிலிம் அல்லது உணரி. துவாரத்தை 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்களால் குறிப்பர். லென்ஸின் குவியத் தொலைவைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணாதலின், எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும். ஒரு படி ஏறுந்தோறும் ஒளி பாதியாகும். ஷட்டரில் 1/125 விநாடியிலிருந்து 1/250 விநாடிக்குச் சென்றாலும் அவ்வாறே. ஆகவே, துவாரம் 8-உம் நேரம் 1/125-உம் தரும் ஒளியை, துவாரம் 5.6-உம் நேரம் 1/250-உம் தந்துவிடும்.

அங்ஙனமாயின் எதைக் கொண்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு முடிந்து கலை தொடங்குகின்றது. துவாரம் அகன்றால் குறித்த பொருள் மட்டும் தெளிந்து, பின்னணி மங்கும். குறுகினால் அருகும் தொலைவும் ஒருங்கே தெளியும். ஷட்டர் விரைந்தால் பந்தாட்டக்காரன் அந்தரத்தில் நிற்பான். தாமதித்தால் அருவி நூலாய் இழையும். உணர்திறனை உயர்த்தினால் விளக்கொளியிலும் படம் கிட்டும். ஆனால் அதில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தேயாக வேண்டும். எதைக் கொடுப்பதென்று தெரிந்து கொடுப்பவனே கலைஞன்.

இவ்வறிவு பெற்றவர்க்குக் கருவிகளின் வகையும் தெற்றெனப் புலப்படும். எஸ்.எல்.ஆர். என்னும் வகையில், லென்ஸ் காணும் காட்சியையே ஒரு கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும். படம் எடுக்கும் கணத்தில் அது மேலே விலகும். 2008 முதற்கொண்டு பரவிய 'மிரர்லெஸ்' வகையில் அக்கண்ணாடி இல்லை. காட்சி மின்திரையிலே தோன்றும். கைப்பேசியின் உணரி மிகச் சிறிது. ஆதலின் மங்கிய ஒளியில் அது திணறும். அக்குறையைப் பல படங்களை எடுத்துக் கணக்கிட்டு ஒன்றாக்கிச் சரிசெய்கின்றது. 'மெகாபிக்ஸல்' எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டுவதில்லை. 4 அங்குலத்திற்கு 6 அங்குலம் உள்ள படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகளாக அச்சிட 21,60,000 புள்ளிகள் போதும். அதாவது இரண்டு மெகாபிக்ஸலுக்குச் சற்றே மிகுதி.

"யாவற்றையும் கருவியே செய்துகொள்ளுங்கால் நாம் ஏன் கற்கவேண்டும்?" என்பார் சிலர். இது மறுமொழி பெறத்தக்க வினாவே. காமிராவின் ஒளிமானி, எதிரில் உள்ளது எதுவாயினும், அடிப்படையில் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொண்டே கணக்கிடுகின்றது. ஆகவே, வெண்சுவர் முன் நிற்கும் கருநிற முகம் மேலும் இருண்டுபோகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வண்ணப்படம் அச்சிடுவோர் நிறத்தை ஒப்புநோக்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய 'ஷர்லி அட்டை'களில் இருந்தது வெள்ளை நிறப் பெண்ணொருத்தியின் உருவமே. அந்நிறமே அளவுகோலாயிற்று, கருநிறத்தார் முகங்கள் தம் நுட்பங்களை இழந்தன. இன்றும் சில கைப்பேசிகள் 'அழகூட்டல்' என்னும் பெயரால், கேளாமலே முகத்தை வெளுக்கின்றன. கருவி நடுநிலையானதன்று; அதனைச் செய்தோரின் விருப்பு வெறுப்புகளும் அதனுள் அமர்ந்திருக்கின்றன. வெயிலில் உழைத்துக் கறுத்த தன் தாயின் முகத்தை உள்ளவாறே காட்ட விரும்பும் மகன், கருவியை மீறி ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் அறிந்திருத்தல் வேண்டும். கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியை நாமே ஏற்றி இறக்க இயலும் என்பதைக்கூட அறியாதார் எத்தனை பேர்!

தானியங்கிக் கருவி ஏதுமில்லாத 1858-இல், லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்தலைவர் மெழுகு தடவிய காகித நெகட்டிவுகளைக் கொண்டு மதுரையையும் தஞ்சையையும் படம்பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக இணைத்து ஒரே நீண்ட படமாக்கினார். அவை இன்றும் அறிஞர்க்குப் பயன்படுகின்றன. நாம் எடுக்கும் ஆயிரம் படங்களுள் எத்தனை, நூறு ஆண்டுகளுக்குப்பின் ஒருவருக்கேனும் பயன்படும்?

ஆதலின், கல்லூரிகள் பொதுவாகப் பயன்படுத்தும் காமிரா ஒன்றிரண்டை வைத்து, விரும்பும் மாணவர் யாவர்க்கும் முறைவைத்து வழங்குதல் நலம். மாணவரும் ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். ஒரே மரத்தையோ ஒரே முகத்தையோ காலை, நண்பகல், மாலை என மூவேளையும் எடுத்து ஒப்புநோக்குக. நல்ல வெயிலில் துவாரம் 16, உணர்திறன் 100, நேரம் ஏறக்குறைய 1/100 விநாடி என்பது பிலிம் காலத்தார் கைக்கொண்ட விதி. அதனை ஆதாரமாகக் கொண்டு கூட்டியும் குறைத்தும் காண்க. ஓராண்டு இவ்வாறு பயின்றபின், கையிலுள்ள கருவி எதைச் செய்ய மறுக்கின்றதென்பது தானே விளங்கும். அப்பொழுது "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்னும் கேள்விக்குப் பிறரிடம் விடை கேட்க வேண்டுவதில்லை, வாங்கவே வேண்டுவதில்லை என்று காண்பாரும் பலராயிருப்பர்.